ஜன்னல் பக்கக் கன்னம்

டச்சப் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால், அன்றைக்கு வீட்டில் யாரும் அவள் எதிரே நடமாடாமல் இருப்பது நல்லது. அந்தப் புதன்கிழமை காலையில் குரல் அப்படித்தான் இறங்கியிருந்தது. கோபம் முழுக்கத் தன் மீதே.

போட்டோக்களைத் திருத்துவது அவள் தொழில். பெயரும் அதனால் வந்ததுதான். மூன்று ஸ்டுடியோக்கள் அவளுக்குப் படம் அனுப்பும். அதில் பாதிக்கு மேல் இறந்தவர்களின் படங்கள். ஒருவர் போன பிறகுதான் வீட்டில் தேடுவார்கள். ஒழுங்கான படம் ஒன்றுகூட இருக்காது. யாருடைய தோளுக்கோ பின்னால் முக்கால் முகம், அலுவலக அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம், செல்போனில் பாதிச் சிரிப்பில் கலங்கிப்போன முகம். அதிலிருந்து சுவரில் மாட்டும்படியாக ஒரு மனிதரை மீட்டுக் கொடுப்பாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஆத்திரத்தில்தான். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுடைய அக்கா இறந்துபோனாள். அக்கா நல்ல கறுப்பு. மூக்கோரம் ஒரு அம்மைத் தழும்பு. ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிக் கொண்டுவந்த படத்தில் தழும்பும் இல்லை, கறுப்பும் இல்லை. மாவு பூசிய மாதிரி வேறு யாரோ ஒருத்தி சட்டத்துக்குள்ளிருந்து சிரித்தாள். "நல்லா எடுப்பா பண்ணிக் குடுத்திருக்கேன்" என்று பாராட்டுக்காக நின்றார் அந்த மனிதர். வீட்டில் அதையே மாலை போட்டுச் சுவரில் மாட்டினார்கள். தங்கையான இவள் மட்டும் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். செத்தவர்களால் வந்து சண்டை போட முடியாது என்ற தைரியத்தில் செய்கிற திருட்டு இது என்பாள். எந்த ஸ்டுடியோ கேட்டாலும் ஒருவரையும் அவள் வெளுக்க வைத்ததில்லை.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஒரு பஸ் டிரைவரின் மனைவி, கொடுத்தனுப்பிய படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தோரு வருடம் வண்டி ஓட்டிய மனிதர், போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். டிப்போவில் ஓய்வறைச் சுவரில் அவர் படத்தை மாட்ட வேண்டும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

"ஏம்மா, இது யாரு?" என்றாள் அந்த அம்மாள், உட்காராமலே.

"உங்க வீட்டுக்காரர்தாங்க."

"மூக்கு அவருது. மீசை அவருது. ஆனா இந்த ஆளு ஒரு நாள்கூட வெயில்ல பஸ் ஓட்டினதில்ல போலிருக்கே. ஜன்னல் பக்கக் கன்னம் எங்க?"

டச்சப் அக்காவுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் படத்தின் மேல் விரலை வைத்தாள். டிரைவர் சீட்டின் ஜன்னல் வழியாக முப்பத்தோரு வருடம் அடித்த வெயிலில், அந்தப் பக்கத்துக் கன்னமும் காதும் மறுபக்கத்தைவிட நன்றாகவே கறுத்திருக்குமாம். 'ரெண்டு கலர் மாப்பிள்ளை' என்றுதான் டிப்போவில் கூப்பிடுவார்களாம்.

"நான் நிழல்னு நினைச்சேங்க."

"நிழலா! துடைச்சு விட்டுட்டியே அம்மா. மொத்தமாவே வெளுத்துப்போய், டிக்கெட் பரிசோதகர் மாதிரி இருக்காரு. அவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது."

அவள் போன பிறகு அக்கா அந்தப் பிரிண்டை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மானிட்டரைப் பார்த்தாள். ஒன்பது வருட மானிட்டர். எப்போது மங்கியது, எப்போது மஞ்சளித்தது என்று தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கே தெரியவில்லை. திரை மஞ்சளாகக் காட்டக் காட்ட இவள் மஞ்சளைக் குறைத்திருக்கிறாள். மங்கலாகக் காட்டக் காட்ட வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறாள். திரையில் சரியாக இருந்தவர்கள் எல்லாம் காகிதத்தில் வெளுத்துப் போயிருக்கிறார்கள். எத்தனை வீட்டுச் சுவர்களில்? வேறு யாரும் திரும்பி வரவில்லையே! வெளுத்திருந்ததால் சந்தோஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமைக்குள் புதுக் கம்ப்யூட்டருக்கான பட்டியல் ஒரு தாளில் தயாரானது. முதல் வரி மானிட்டர். எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் நிறம் மாறாதது, நிறத்தை உள்ளபடி காட்டுவது. கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கு அதற்கே. அடுத்து தாராளமாக மெமரி, பெரிய படம் திறந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடக் கூடாது. வேலைக்கு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று, பத்திரப்படுத்தி வைக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று. நடுத்தரமான பிராசஸர் போதும், அதிலேயே படம் காட்டும் வசதி இருக்க வேண்டும். விளையாட்டுப் பிரியர்கள் முதலில் கேட்கும் கிராபிக்ஸ் கார்டு என்ற வரியே இல்லை.

"கார்டு இல்லாம கம்ப்யூட்டரா? அண்ணி, அதுக்கு நீங்க டைப்ரைட்டரே வாங்கிக்கலாம்" என்றான் கொழுந்தன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று கணவர் துணைக்கு அனுப்பிய ஆள். இருபத்தெட்டு வயது, துப்பாக்கி விளையாட்டில் மட்டும் அசுர சுறுசுறுப்பு.

கடையில் விற்பனையாளர் பட்டியலை அவள் கையிலிருந்து வாங்கி, பதிலைக் கொழுந்தனிடம் சொன்னார்.

"சார், யாரோ தெரியாம எழுதிக் குடுத்திருக்காங்க. மானிட்டர்ல இவ்ளோ போடுறது வேஸ்ட். அதைக் குறைச்சு நல்ல கார்டா போட்டுடலாம் சார்."

"எழுதினது நான்" என்றாள் அக்கா.

"சரிங்க மேடம். சார், இந்த கம்ப்யூட்டர் கேபினெட் பாருங்க. நாலு ஃபேன், நாலுலயும் லைட்."

கொழுந்தனின் கண்ணிலும் நான்கு விளக்கு எரிந்தது. "அண்ணி, சூப்பரா இருக்கு!"

"சர்க்கஸ் கூடாரம்கூட சூப்பராத்தான் இருக்கும். அதுக்குள்ள உக்காந்து நான் வேலை பார்க்க முடியுமா? லைட்டு எரிஞ்சா அந்தக் கலரு என் கண்ணுல ஏறும், அப்புறம் படத்துல ஏறும்." குரல் இறங்கத் தொடங்கியிருந்தது. கொழுந்தன் ஒரு அடி பின்னால் போனான்.

விற்பனையாளருக்கு அந்த விவரம் தெரியாது. அவர் சுவரில் வரிசையாக எரிந்த மானிட்டர்களைக் காட்டினார். "மேடம், எல்லாத்துலயும் கலர்தான் வருது. இது கேமிங் மானிட்டர், எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு பாருங்க!"

அக்கா பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். காலையில், சாம்பல் நிற அட்டையை வைத்து நிறம் சரிபார்த்து, தன் இடது கையைத் தானே படம் எடுத்திருந்தாள். "இதைப் போடுங்க."

பளிச்சென்ற மானிட்டரில் கை வந்தது. அதன் பக்கத்தில் தன் கையை நீட்டினாள். திரையில் இருந்தது கேரட் நிறத்தில் இருந்தது.

"இது யாரு கை?"

"உங்க கைதான் மேடம்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அடுத்த மானிட்டரில் கை வெளுத்தது, அதற்கடுத்ததில் சிவந்தது. மூலையில், விலைச்சீட்டு மட்டும் பெரிதாக இருந்த ஒன்றைக் காட்டி, கடைக்காக ஏற்றி வைத்திருந்த வெளிச்சத்தை இறக்கச் சொன்னாள். அதில் கை, கை மாதிரி இருந்தது. நகத்தடியில் இருந்த கறுப்புவரை.

"டல்லா இருக்கே மேடம்" என்றார் விற்பனையாளர், உண்மையான வருத்தத்துடன்.

"நானும் டல்லாத்தாங்க இருக்கேன். என்னைக் குறை சொல்லச் சொல்லி நான் கடைக்கு வரலை. இதையே பில் போடுங்க. வேற எதையாவது தலையில கட்டலாம்னு பார்த்தீங்கன்னா பெட்டியை இங்கயே பிரிச்சுப் பார்ப்பேன்."

பெட்டியை அங்கேயே பிரித்தும் பார்த்தாள். மெமரி சொன்னதில் பாதி அளவுக்குத்தான் இருந்தது. "பையன் மாத்தி வெச்சுட்டான் போல" என்று விற்பனையாளர் சப்பைக்கட்டு கட்ட, "எந்தப் பையன்?" என்று கேட்டு, கடை முழுக்கத் தேடுகிறவள் போலச் சுற்றிப் பார்த்தாள். கடையில் வேலைக்கு அவரைத் தவிர வேறு ஆளே இல்லை. சரியான மெமரி வந்தது.  வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் கேட்காமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மாள் மகனோடு வந்தாள். அக்கா புதுத் திரையில் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் முதலில் கொடுத்திருந்த செல்போன் படத்தின் இருட்டுக்குள் இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்தது. நிழலுக்கு ஓரம் கலைந்திருக்கும்; இதற்கு ஓரம் இருந்தது. கன்னத்தின் நடுவில் தொடங்கி, காதின் மேல்மடலில் போய், சட்டைக் காலரில் நின்றது வெயில்.

மகன் குனிந்து பார்த்தான். "அப்பாதான். ஆனா அக்கா, நாலு பேர் பார்க்கிற இடத்துல மாட்டுறது. இந்தப் பக்கம் கொஞ்சம் பிரைட் பண்ணிடலாமே?"

அக்கா அவனுக்குக் கேட்குமா கேட்காதா என்ற குரலில் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் நாற்காலியைத் திரைக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்த ஜன்னல்ல ஒரு துணியைக் கட்டுங்கன்னு சொன்னேனா இல்லையா? தேங்காயெண்ணெய் தேய்ச்சு விட வந்தா கையைத் தட்டி விடுறது. பாருங்க, எப்படிக் கருகிக் கிடக்குன்னு! ஒரு நாளாவது நான் சொன்னதைக் காதுல வாங்கியிருப்பீங்களா நீங்க?"

மகன் நிமிர்ந்தான். அம்மாவுக்கு இடம் விட்டு விலகி நின்றான். அந்த அம்மாள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் முப்பத்தோரு வருடத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று அக்கா, பிரிண்ட் போடாமல் காத்திருந்தாள்.