இன்னொன்று

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்குத் தலைப்பிரசவம். அப்போது ஸ்கேன் எல்லாம் இல்லை. வலிக்கு மருந்து கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. மத்தியானம் மகள் பிறந்தாள். அவள் அழுததும், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

பிரசவம் பார்த்த நர்ஸ் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு கீதும்மா," என்றார்.

"என்னால முடியாது சிஸ்டர். நாளைக்குப் பாத்துக்கலாம்." உண்மையாகவே கெஞ்சினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது நிக்காதும்மா. என் கையப் புடிச்சுக்கோ."

முதல் வலியை என்னவென்று தெரியாமல் தாங்கியிருந்தேன். இதை நன்றாகத் தெரிந்துகொண்டே தாங்க வேண்டியிருந்தது. பயம் அப்போதுதான் வந்தது. அவர் கையில் என் நகங்கள் பதிந்தன. மகன் பிறந்தான், உடனே அழவில்லை. நர்ஸ் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல முனகி, அழுதான்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து ரயிலில் வந்த கணவர், இரண்டு குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் எடை, நிறம், ஜாடை பற்றித்தான் பேசினார்கள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதேன்.