ஈஸ்வரிக்கு எழுதிய மஞ்சள்காமாலை

பத்தாவதோடு நின்றுபோன நான் கட்டுரை எழுத வந்ததைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான்; என்னிடம் இருந்தது அழகான கையெழுத்து மட்டும்தான். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

தலைமையாசிரியர் அறையில் மைப்பெட்டியைத் திறந்ததும் எழுந்த அந்தக் கசந்த வாடை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. சிவகாசிப் பக்கத்துப் பள்ளிகளெல்லாம் "சென்டம் ரிசல்ட்", ஒருவர்கூடப் பெயிலாகக் கூடாது என்று அலைந்த காலம். எங்கள் கரும்பலகையின் மேல் ஓரத்தில் 'இலக்கு 100' என்று எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது. கணக்கைக்கூட விடையோடு மனப்பாடம் செய்தோம். என்னோடு படித்த ஈஸ்வரிக்கு மட்டும் அது வராது, "ஏன் சார் இப்படி வருது?" என்று கேட்டுத் திட்டு வாங்குவாள். அரையாண்டில் அவளுக்கு மூன்று பாடம் போயிற்று.

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் அவள் அம்மாவை வரச் சொன்னார்கள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தார். விரல் ரேகையெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப்பொடி.

"ஒம் பிள்ளை ஒருத்தியால பள்ளிக்கூடத்துப் பேரு கெடணுமாம்மா? டி.சி. வாங்கிக்க. பெறகு தனியா எழுதட்டும்" என்றார் தலைமையாசிரியர்.

"பெயிலானா ஆயிட்டுப் போறா சார், எழுதட்டும். கம்பெனியில நமுத்த வெடியக்கூட வெயில்ல காயப்போட்டுப் பாப்பாக. நீங்க அதுகூடச் செய்ய மாட்டேங்கிறீகளே!"

தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார். மகளுக்கு மஞ்சள்காமாலை என்றும், சொந்த விருப்பத்தில் படிப்பை நிறுத்துவதாகவும் அந்த அம்மா கேட்டுக்கொள்வதுபோல அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சார் என்னைக் கூப்பிட்டார் என்ற பெருமைகூட அப்போது இருந்தது. படிக்கத் தெரியாத அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை. பெருவிரலைச் சேலையில் துடைத்து மையில் வைத்தார்.

"எனக்கு என்னடி சீக்கு எழுதுன?" என்றாள் வெளியே நின்ற ஈஸ்வரி.

சொன்னேன்.

"அடிப்பாவி, கீழாநெல்லி தின்னா சரியாப் போயிருமே! பெருசா ஒண்ணு எழுதியிருக்கலாம்ல?" என்று சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பொதுத்தேர்வில் கணக்குகளின் எண்களை மாற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. எங்கள் பள்ளியில் அந்த வருஷம் பெயிலானது ஒரே ஆள், நான்தான்.

இன்று அந்தக் கரும்பலகையும் இல்லை, ஓட்டுக் கட்டடமும் இல்லை. நான் காலண்டர் ஆபீஸில் தாள் அடுக்குகிறேன். ஈஸ்வரியை வழியில் பார்த்தால் சிரிப்பாள். மன்னிப்புக் கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

கடிதம் எழுதிய மறுநாள் காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்தது. ஈஸ்வரி அவள் அம்மாவோடு ஏறிப் போனாள். எங்களுக்குத் திருப்புதல் தேர்வு நடந்தது.