மூன்று ஃபிரேம்வேர்க்கும் உடன்படாதவர் பெயரும்

எங்கள் அலுவலகத்தில் சமையலறைக்கு முறை உண்டு. கிழமைக்கு இருவர். கோப்பி போடுவதும், மேசை துடைப்பதும், எல்லோருடைய கோப்பைகளையும் பொறுக்கிக் கழுவும் இயந்திரத்தில் அடுக்குவதும் அந்தக் கிழமை முழுவதும் அவர்கள் பாடு. நான் சேர்ந்த இரண்டாம் கிழமை, என் மேசையில் குடித்துவிட்டு வைத்திருந்த கோப்பையை எடுக்க ஒரு கை நீண்டது. நிமிர்ந்து பார்த்தால் பிர்கித்தா. எங்கள் பிரிவின் தலைவி, அறுபதை நெருங்கியவர், என்னை வேலைக்கு எடுத்தவர். நான் பதறி எழும்பி, "வேண்டாம், நான் கழுவுகிறேன்" என்று கோப்பையைப் பறித்தேன். அவர் முகம் சுருங்கியது. "நான் அடுக்குவதில் ஏதும் பிழையா? போன முறையும் ஒருவர் கரண்டிகளைப் பற்றி முறைப்பட்டார்" என்றார். மரியாதை என்று நான் நினைத்தது அவருக்கு முறைப்பாடாகப் போய்ச் சேர்ந்தது. கொழும்பில் நான் வேலை பார்த்த இடத்தில் முகாமையாளரின் கோப்பை எது என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தொட ஓர் ஆளுக்குத்தான் உரிமை. சுவீடனின் இந்த வடக்குப் பட்டினத்தில் யார் பெரியவர் என்று பார்வையில் கண்டுபிடிக்க முடியாமல் முதல் மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடிந்து வேலை நிரந்தரமானதும், இலங்கையின் கிழக்கே எங்கள் ஊரான சாய்ந்தமருதில் இருக்கும் மனைவி சிபானாவையும் மகள் அம்னாவையும் அழைத்துக்கொள்வது என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதனால் அந்த ஆறு மாதமும் பரீட்சை எழுதும் பிள்ளையைப் போலத்தான் நடந்துகொண்டேன். யார் என்ன கேட்டாலும் தலையாட்டினேன்.

மூன்றாம் மாதம் பெரிய வேலை ஒன்று வந்தது. இங்கே வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஹெம்ஷென்ஸ்ட் என்பார்கள். பராமரிப்பாளர்கள் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து, குளிக்க வார்த்து, சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டு வருவார்கள். அடுத்து எந்த வீடு, எந்த மருந்து என்று அவர்களுக்குக் கைபேசியில் காட்டும் செயலி எங்களுடையது. அது பழையதாகிவிட்டது. புதிதாக எழுத வேண்டும். எந்த ஃபிரேம்வேர்க்கில், அதாவது செயலியைக் கட்டுவதற்கான எந்த ஆயத்தச் சட்டகத்தில், எழுதுவது என்று மூன்றை ஒப்பிட்டு அறிக்கை தயாரிக்கும் பொறுப்பை பிர்கித்தா என்னிடம் தந்தார். ஊரில் என்றால் இதைப் புதிதாய் வந்தவனிடம் தரமாட்டார்கள். தந்தால், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தத்தான் தருவார்கள்.

அந்த மூன்றின் பெயர்களையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒவ்வொன்றின் ரசிகர்களும் சண்டைக்கு வருவார்கள். மார்க்க விவாதத்தை விட மோசமான விவாதம் அது. பெரியவர், நடுவிலார், சின்னவர் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண வீட்டுக்குச் சமைக்க ஆள் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். பெரியவர் கிடாரம், அகப்பை, பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டு, பரிமாறுகிற ஆள் என்று எல்லாவற்றோடும் வந்து இறங்குவார். உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை, ஆனால் எல்லாம் அவர் முறைப்படிதான் நடக்கும், வளவும் நிறைந்துவிடும். நடுவிலார் கைப்பக்குவமுள்ள சமையற்காரர், ஆனால் வெறுங்கையோடு வருவார். பாத்திரங்களை நீங்களே தேட வேண்டும்; எந்தப் பாத்திரம் என்று வீட்டுக்குள் நாலு பேர் நாலு பக்கம் இழுப்பார்கள். சின்னவர் தன் வீட்டிலேயே சமைத்துப் பார்சல் கட்டி அனுப்புகிறவர். அடுப்பும் புகையும் உங்கள் வாசலுக்கு வராது, சாப்பாடு மட்டும் வரும். ஆனால் அவரிடம் தொழில் படித்த ஆட்கள் குறைவு. நாளைக்கு அவர் விட்டுவிட்டுப் போனால் யாரைத் தேடுவது?

மூன்றிலும் ஒரே பக்கத்தைச் செய்து பார்த்தேன். அலுவலகத்தின் புதுக் கைபேசிகளில் மூன்றும் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தன. ஒரு யோசனை வந்து, மூன்றையும் ஊரில் இருக்கும் என் ராத்தாவுக்கு, அதாவது மூத்த சகோதரிக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்தா குடும்பநல மாது. ஸ்கூட்டியில் பொத்துவில் பாதை நெடுகப் போய்க் கர்ப்பிணிகளையும் பச்சைப் பிள்ளைகளையும் பார்ப்பது அவருடைய வேலை. கண்ணாடி வெடித்த ஒரு பழைய கைபேசி, கோமாரிப் பக்கம் போனால் வந்து வந்து போகும் சிக்னல். அடுத்த நாள் குரல் பதிவு வந்தது. "தம்பி, மூணாவது உடன வந்திச்சி. ரெண்டாவது கொஞ்சம் சுணங்கித்தான் வந்திச்சி. முதலாவது இன்னும் சுத்திக்கிட்டே இரிக்கி. நான் ரெண்டு புள்ளத்தாச்சியப் பாத்தும் முடிச்சிட்டன்."

முதலாவது பெரியவர். அதுதான் சிக்கல். அதற்கு முந்திய நாள் ஃபீக்காவில், அதாவது எல்லோரும் கூடிக் கோப்பி குடிக்கும் நேரத்தில், பிர்கித்தா பெரியவரைப் பற்றி, "எட்டு வருடம் அதோடு வேலை செய்தேன், நல்ல பொருள்" என்று சொல்லியிருந்தார். தலைமைக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது? கோமாரியும் சுவீடனும் ஒன்றா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ராத்தாவின் பதிவை அறிக்கையில் சேர்க்கவில்லை. ஆவணங்களின் தரம், ஆட்கள் கிடைக்கும் வசதி, பத்து வருடம் தாக்குப்பிடிக்குமா என்பவற்றுக்குப் புள்ளிகளைக் கூட்டினேன். திறக்கும் வேகத்துக்குக் குறைத்தேன். பெரியவர் அழகாக வென்றார். அறிக்கையின் கடைசியில் "என் ஐயங்கள்" என்றொரு தலைப்பு இருந்தது. அதன் கீழே "இல்லை" என்று எழுதினேன்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வாப்பா சாகாமத்தில் குத்தகைக்கு வயல் செய்தார். பெரும்போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூட்டம் நடக்கும். எங்கள் ஆட்களும் தம்பிலுவில் தமிழ் ஆட்களும் ஒன்றாக இருப்பார்கள். மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்று அங்கே தீர்மானிப்பார்கள். வட்டை, அதாவது அந்த வயல்வெளி, முழுவதும் ஒரே வயது நெல் போட்டால்தான் தண்ணீரை ஒரே நாளில் விடவும் கட்டவும் முடியும். நான் பல்கலைக்கழக விடுமுறையில் வாப்பாவோடு போன வருடம், அங்கே அதிக நிலம் வைத்திருந்த பெரிய போடியார் முதலில் எழும்பி, "இந்த முறை மூணரை மாசம் போடுவம்" என்றார். எல்லோரும் "ஓம்" என்றார்கள். வாப்பாவும் "ஓம்" என்றார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி. தண்ணீர் பிந்தி வரும், முந்தி நிற்கும். அந்த நெல் அங்கே தாங்காது என்று வாப்பாவுக்குத் தெரியும். திரும்பி வரும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பெரிய மனிசன் சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தக் கதைக்கிற?" என்றார். அந்தப் போகம் பாதிக் கதிர் பதர். ஆனால் அடுத்த போகம் போடியார் தானே ஆள் அனுப்பி எங்கள் வயலுக்கு முதல் தண்ணீர் விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, வாப்பாவும் கேட்கவில்லை. சொல்லாததையும் அறிந்து ஈடு செய்கிற அந்தப் பெருந்தன்மையை நான் இன்றும் மெச்சுகிறேன். ஒரு போகம் பிந்தி வந்தது என்பதுதான் குறை.

கூட்ட நாள் வந்தது. இங்கே யாரும் எழும்பிப் பேசத் தொடங்குவதில்லை. முதல் கால் மணி நேரம் எல்லோரும் அறிக்கையை மௌனமாக வாசித்துத் தங்கள் குறிப்புகளை எழுதுகிறார்கள். பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பேச வேண்டும்; புதியவர் முதலில், தலைவர் கடைசியில். என் முறை வந்தபோது பிர்கித்தா கேட்டார்: "மற்ற எல்லோரும் தங்கள் குறிப்புகளில் ஐயங்களை எழுதியிருக்கிறார்கள். உன்னுடைய இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. உண்மையிலேயே இல்லையா, எழுத நேரம் கிடைக்கவில்லையா?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை, அதுதான் என்னைக் குத்தியது. மூன்று மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அம்னாவுக்கு என்ன சொல்வது என்றெல்லாம் ஓடியது. கை தானாகவே பைக்குள் போயிற்று. கைபேசியை எடுத்து ராத்தாவின் குரலைப் போட்டேன். காகம் கரைகிற சத்தத்தோடு ராத்தா அந்த அறையில் பேசினார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஒருவரும் இடையில் குறுக்கிடவில்லை. நான் மொழிபெயர்த்தேன். என் பக்கத்தில் இருந்த யோனாஸ் பேனையை எடுத்தான். "இரண்டு கர்ப்பிணிகளைப் பார்ப்பதற்கு எத்தனை நிமிடம்?" என்றான். பகிடி பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இரத்த அழுத்தம் பார்ப்பாரா, கைபேசி எத்தனை வருடப் பழையது என்று அடுக்கிக்கொண்டே போனான். ஊரில் ராத்தாவின் வேலையை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை, நானும் விசாரித்ததில்லை.

பிறகு மீதியையும் சொன்னேன். "உங்களுக்குப் பெரியவரைப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் புள்ளிகளை மாற்றினேன்." பிர்கித்தா என் பக்கம் திரும்பினார். "ஓம், எனக்கு அதைப் பிடிக்கும். அதனால்தான் இந்த விடயத்தில் என்னை நம்பக் கூடாது. நான் கடைசியில் பேசுவது அதற்காகத்தான்" என்றார். இப்படியொரு வார்த்தையை மேலே இருக்கிற ஒருவர் சொல்லி என் ஆயுளில் நான் கேட்டதில்லை.

ஆனாலும் அன்றைக்கு வென்றது பெரியவர்தான். அவரை அறிந்தவர்கள் அங்கே அதிகம், தொலைவில் நடந்த ஒரே ஒரு சோதனையும் போதாது. ஒரு மாதம் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பிர்கித்தா தீர்மானத்தை எல்லோர் முன்னாலும் எழுதினார். கீழே "உடன்படாதவர்கள்" என்று ஒரு வரி. என்னைப் பார்த்து, "உன் பெயரைப் போடவா?" என்றார். நானும் பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். அந்த வரியில் என் பெயர் மட்டும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் எதிர்த்தவன் என்று பெயர் எழுதப்பட்டால் அர்த்தம் வேறு. பெயர் போன இடத்தில் ஆளும் போய்விடுவான். நான் தங்கியிருந்த அறைக்கு வந்ததும் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "மகள்ட விடுகைப் பத்திரத்தப் பள்ளிக்கூடத்தில இப்ப எடுக்க வேணாம்" என்றேன். "ஓம்" என்றாள் சிபானா. காரணம் கேட்கவில்லை.

இரண்டு நாள் நான் கோப்பி அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் யோனாஸ் வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டான். விடயத்தைச் சொன்னதும் அவனுக்கு விளங்கவே இல்லை. "தீர்மானம் பிழைத்தால் முதலில் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தானே அந்த வரி" என்றான். அவன் சொன்னபடியே நடந்தது. ஒரு மாதம் பராமரிப்பாளர்கள் பழைய கைபேசிகளோடு நிலவறைகளிலும் காட்டுப் பாதைகளிலும் பாவித்துப் பார்த்தார்கள். செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று அவர்களுடைய குறிப்புகள் வந்த காலையில் பிர்கித்தா நேரே என் மேசைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் பெயர் இருக்கிறது. நீ சொல், இப்போது என்ன செய்யலாம்?" பராமரிப்பாளர்களின் கைபேசிக்குச் சின்னவர், அலுவலகக் கணினிகளுக்குப் பெரியவர் என்று முடித்தோம். தோற்றவர் என்று யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. தாங்கள் பிழை விடுவோம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, திருத்துவதற்கு இடம் விட்டு எழுதி வைக்கிற இந்தச் சனத்தை நான் மதிக்கிறேன். அதை ஒளித்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆறாம் மாதம் நிரந்தரக் கடிதம் கிடைத்தது. உடனே ஊருக்கு எடுத்தேன். "இனி வரலாம். பத்திரத்த எடு" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ். ஓம், எடுக்கிறன்" என்றாள் சிபானா. அந்த "ஓம்" என்னை உலுக்கியது. கூட்டத்தில் வாப்பா சொன்ன "ஓம்" அது. என் வீட்டில் போடியார் நான்தான் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

"சிபானா, நீ முதல்ல சொல்லு. நான் கடைசியாத்தான் கதைப்பன். உனக்கு வர விருப்பமா?"

"இதென்ன புதுப் பழக்கம்?"

"சும்மா சொல்லு."

பிறகு மெதுவாகத் தொடங்கினாள். "என்ட ஓஎல் சோதின வகுப்புப் புள்ளைகள் கணக்கில இப்பதான் நிமிர்ந்து வருதுகள். உம்மாக்குச் சீனி வருத்தம் கூடிக் கிடக்கு. இஞ்ச நான் ரீச்சர். ரோட்டால போனா நாலு பேர் சலாம் சொல்லுவாங்க. அங்க நான் ஆரு? உங்கட பொஞ்சாதி. வரமாட்டன் எண்டு சொல்லல்ல. கேட்டீங்க, சொல்றன்."

அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகள் நாங்கள் கதைத்தோம். இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐயங்களையும் எழுதினோம். அவள் விட்டு வரத் தயங்கியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவற்றில் பாதியை நான் ஏற்கெனவே விட்டு வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. விட்டபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. கடைசியில், சம்பளமில்லாத லீவில் ஒரு வருடம் வந்து பார்ப்பது, அதன் பிறகு திரும்ப யோசிப்பது என்று தீர்மானித்தோம். தாளின் கீழே அந்த வரியை எழுதினேன்.

"உடன்படாதவங்க எண்டதுக்குக் கீழ என்ட பேரப் போடுங்க" என்றாள் சிபானா. "வருவன். ஆனா பேரப் போடுங்க."

போட்டேன். அவள் தொலைபேசியை வைத்த பிறகும் தாள் மேசையில் கிடந்தது. நான் ஏற்கெனவே விட்டு வந்தவற்றை அதில் மறுபடி வாசித்தேன். பிறகு அவள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.