கழற்றினாலும் கத்தும் அலாரம்

வாடகைக் கார் தொழிலில் ஓட்டுநர் அளவாகப் பேசலாம், வண்டி பேசவே கூடாது. என் வண்டி பேசியது. பழைய கார் வாங்கி, அதில் யாரோ மாட்டிய அலாரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழும் சக பாவிகளே, நீங்களாவது என் கொதிப்பைப் புரிந்துகொள்வீர்கள்.

குரங்குக்குப் பயமில்லை

சீசன் ஞாயிறு, ஐந்தருவி. சுரண்டையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி குடும்பத்தோடு குளிக்கப் போயிருந்தார். சாரல் தொடங்கினால் முடியும்வரை வாரா வாரம் என் வண்டியைத்தான் எடுப்பார். அவரை நம்பித்தான் என் சீசனே ஓடுகிறது. நான் டீக்கடைப் பக்கம் திரும்பிய நேரம் ஒரு குரங்கு பானெட்டில் குதித்தது. அலாரம் அலறியது. குரங்கு அசையவில்லை, சுற்றி நின்ற மனிதர்கள்தான் பதறினார்கள்.

ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். தேய்ந்துபோன பட்டன், அதற்கு மனசு வந்தால்தான் வேலை செய்யும். "யாரு வண்டிலே இது?" என்று ஒரு போலீஸ்காரர் வேறு என் தோளைப் பிடித்தார். சொந்த வண்டிக்கு முன்னால் திருடன் மாதிரி ஆர்.சி. புத்தகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வந்த திசையில் ஈரத் துண்டோடு நேராக வந்து சேர்ந்தார் அண்ணாச்சி.

"மானம் போகுது பாய். இன்னொரு தடவ இது கத்துச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுவேன்."

ஷார்ஜாவில் ஒரு ரிமோட்

இந்த வண்டியை எனக்கு விற்றவர் என் மனைவியின் அண்ணன். ஒரு லீவில் வாங்கி, ஆசைக்கு அலாரம் மாட்டி, அடுத்த லீவில் என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிய மகராசன். நல்ல ரிமோட் இன்னொன்று இருக்க வேண்டுமே என்று போன் போட்டேன். இருக்கிறதாம். வண்டி தென்காசியில், ரிமோட் ஷார்ஜாவில்! வந்த கோபத்துக்குப் போனைத் தரையில் அடித்திருப்பேன், அது புது போன்.

"என் சாவிக்கொத்துலதான் கெடக்கு மச்சான். பாக்க அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்."

பேட்டரி இல்லாமலும்

எலெக்ட்ரீஷியன் கேட்ட கூலிக்கு டயரே மாற்றலாம். சீசன் வந்தால் அவருக்கும் கொழுப்பு. நானே கழற்றுகிறேன் என்று ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப்போடு வாசலில் உட்கார்ந்தேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன், பாதுகாப்பாம். அந்த நொடியே முன்னெப்போதும் இல்லாத குரலில் சைரன் கூவியது. யாராவது கரண்டைத் துண்டித்தால் கத்துவதற்கென்றே அதன் வயிற்றுக்குள் தனியாக ஒரு பேட்டரி வைத்திருக்கிறான் அதைச் செய்த படுபாவி! பிடுங்கித் தண்ணீர் டிரம்மில் போட்டேன். அதற்குள்ளும் முனகிவிட்டுத்தான் அடங்கியது.

பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து அலாரம் பெட்டியை வெட்டி எடுத்தேன். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. விடிந்தால் ஞாயிறு, அண்ணாச்சி டிரிப். மறுபடி படுத்துப் பார்த்தேன். ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரையே நடுவில் வெட்டி அலாரத்தின் வழியாகச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். இப்போது இரண்டு முனையும் அந்தரத்தில் தொங்கின. பேட்டரியை மீண்டும் கழற்றிவிட்டு, ஒரே நிறமாயிருந்த அந்த முனைகளை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன். என்ஜின் உறுமியது. வாசலில் நின்ற என் மனைவிக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

"ஏங்க, நல்லதண்ணி டிரம்முலயா அதப் போட்டீக?"

சத்தமில்லாத ஞாயிறு

மறுநாள் ஐந்தருவியில் குரங்குகள் ஏறி உட்கார்ந்தும் வண்டி மூச்சு விடவில்லை. அலாரத்தைக் கழற்றியதை வரும் வழியிலேயே அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டம் கூடியதும் போலீஸ்காரர் விரட்ட, வண்டியைத் தூரத்து வரிசைக்கு நகர்த்தினேன். குளித்து முடிக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது, அண்ணாச்சியைக் காணோம். அவர் போனும் மூக்குக் கண்ணாடியும் என் டேஷ்போர்டில் கிடந்தன. தேடிப் போனேன். நடுங்கும் குடும்பத்தைச் சாரலில் நிறுத்திவிட்டு, என் வண்டி போலவே வெள்ளையாய் நின்ற கார் ஒவ்வொன்றின் ஜன்னலிலும் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கத்துனாத்தானே பாய் நம்ம வண்டி எங்கன நிக்குன்னு தெரியும்! அதப் போயி எதுக்குக் கழட்டுனீக?"

ஆகவே இப்போது ஞாயிறுதோறும் ஐந்தருவியில் "அண்ணாச்சி, இங்கன, இங்கன!" என்று தொண்டை கிழியக் கத்துவது நான்தான்.