மூக்கில் கனமில்லாத விமானம்

என்னை நான்காவது மாடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இடம் திருவேற்காடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்தான் தெரியும். அதையும் மருமகள் திறக்க விடுவதில்லை. தூசி வருமாம். தூசியிலேயே சம்பாதித்து இந்த வீட்டையே வாங்கினவனுக்குத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண்ணூர்பேட்டையில் வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கும் ஷெட் என்னுடையது. பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாட்டர் பேப்பர் வைத்துத் தகரம் தேய்க்கும் கூலியாகப் போய், ஒருத்தனும் கற்றுக்கொடுக்காமல் பார்த்துப் பார்த்தே பெயின்ட் பீய்ச்சும் கன் பிடிக்கக் கற்று, சொந்தமாக ஷெட் போட்டேன். நான் அடித்த கார்க் கதவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையாகவே இருந்தாலும் உண்மைதானே.

முகமூடி மட்டும் நான் கட்டியதில்லை. மூக்கை மூடினால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பெயின்ட்டில் தின்னர் கூடிப்போனது தெரியாது என்பது என் கட்சி. நுரையீரல் வேறு கட்சியில் இருந்திருக்கிறது. படி ஏறினால் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்ததும் மகன் ஷெட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். என் வண்டியை விற்றுவிட்டான். கீழே வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்திருக்கிறான். ஷேர் வேன் நிற்கும் பக்கம் நான் நாலடி வைத்தால் போதும், அந்த ஆள் போனைக் காதில் வைத்துக்கொள்கிறான். ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்கின நான், கொத்தமல்லி வாங்கக்கூடக் கேட்டைத் தாண்ட முடியாமல் இருந்தேன்.

எங்கள் தளத்திலேயே எதிர் வீட்டில் ஒரு அண்ணாச்சி. ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒருநாள் கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் இறக்கையை அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தார்.

“பேரப் பசங்களுக்கா அண்ணாச்சி?” என்றேன்.

“பேரப்பிள்ளையள உள்ளயே விடமாட்டேம்லா. இது எனக்கு வேய்!” என்று அவர் முறைத்தார்.

அப்படித்தான் அந்த வீட்டு மேசைக்கு நானும் ஒரு நாற்காலிக்காரன் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு டீச்சரம்மாவும் ஸ்கூட்டரில் வருவாள். இன்ஜினீயரிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள், என் மகள் வயது. மூன்று பேருக்கும் வேலை ஒன்றுதான். பெட்டியைப் பிரித்தால் மெல்லிய பிளாஸ்டிக் சட்டத்தில் விமானத்தின் உறுப்புகளெல்லாம் காய்த்துத் தொங்கும். ஒவ்வொன்றாய் நறுக்கி, ராவி, பசையில்லாமல் சேர்த்துப் பார்த்து, அப்புறம் ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். முடிந்த விமானத்தை மேசை நடுவிலுள்ள கண்ணாடிப் பலகையில் மற்ற இருவர் முன்னால் இறக்கிவைக்க வேண்டும். அதற்கு லேண்டிங் என்று பெயர். அதுவரை எவ்வளவு கேட்டாலும் முழு விமானத்தைக் காட்டக் கூடாது. லேண்டிங் ஆன பிறகு குறை சொல்லலாம், எவ்வளவு வேண்டுமானாலும்.

அவர்கள் அடித்த வெள்ளி நிறத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரம்மாவிடம் பேனா அளவில் ஒரு கன் இருந்தது, தண்ணீரில் கரைகிற பெயின்ட். விமானம் அலுமினிய டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

“இது வெள்ளியா? வெள்ளின்னா மூஞ்சி தெரியணும் டீச்சரம்மா. என் கைல குடுத்துப் பாரு.”

“பேச்சு நல்லா இருக்கு அங்கிள். அடிச்சுக் காட்டுங்க, அப்புறம் நம்பறேன்,” என்றாள்.

மூக்கின் அடியில் ஒரு சக்கரமும் இறக்கைக்குக் கீழே இரண்டு சக்கரமும் உள்ள சரக்கு விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் வழி சொல்லும் காகிதம் ஒன்று இருந்தது. நான் காகிதம் பார்த்து வேலை செய்கிற ஆள் இல்லை. பார்த்தாலே எது எங்கே போகும் என்று கைக்குத் தெரியும். உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து, தையல் தெரியாதபடி தேய்த்து வைத்தேன். அப்புறம்தான் மகனிடம் போனேன்.

“டேய், ஒரே ஒரு தபா ஷெட்டுக்கு வரேன். இத்த அடிச்சுட்டு வந்துடறேன்.”

“இன்னா நைனா, டாக்டர் இன்னா சொன்னாரு? மறந்துட்டியா?”

“முகமூடி கட்டிக்கிறேன்டா. ரெண்டு முகமூடி கட்டிக்கிறேன்.”

“ஊட்லயே பிரஷ்ல அடியேன்.”

“பிரஷ்ஷு செவுத்துக்குடா! உனுக்கு நான் இன்னா கத்துக் குடுத்தேன்?”

அவன் சிரித்துவிட்டான். நான் பிடித்த இடம் சரி. “ஒரு தபாதான் நைனா. அப்பறம் கேக்கக்கூடாது,” என்றான்.

அந்த ஒரு நாளைப் பற்றி நான் நிறைய எழுதலாம், எழுதப்போவதில்லை. சட்டத்தில் மிஞ்சிய துண்டில் முதலில் அடித்துப் பார்த்தேன். கார் பெயின்ட் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். கன்னைத் தள்ளிப் பிடித்து, பனி விழுகிற மாதிரி பாதி உலர்ந்தே விழவைக்க வேண்டும். அடியில் பளபளக்கும் கறுப்பு, அது காய்ந்ததும் மேலே வெள்ளி. ஷெட் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். யாரையும் நான் போகச் சொல்லவில்லை, பார்க்கட்டும். முகமூடிக்குள் வேர்த்து ஊற்றியது, கம்ப்ரஸர் காதுக்குள் இரைந்தது, எனக்கு என் வயசு மறந்துபோனது. மகன் வந்து இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கன்னைக் கழுவினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த வாரம் முழுக்க இருமினேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேண்டிங். துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனேன். துணியை எடுத்ததும் டீச்சரம்மா “அய்யோ” என்றாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். அவர் முகம் விமானத்தின் வயிற்றில் தெரிந்தது. பேச வேண்டிய அவசியம் இல்லை. மெதுவாகக் கண்ணாடிப் பலகையில் இறக்கிக் கையை எடுத்தேன்.

விமானம் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது.

மறுபடி சரியாக வைத்தேன். மறுபடி உட்கார்ந்தது. நாய்க்குட்டி குந்துகிற மாதிரி.

அண்ணாச்சி மேசையைத் தட்டிச் சிரித்தார். “ஏ முதலாளி, மூக்குக்குள்ள கனம் வைக்கலியா வேய்? ஒம்ம தலைக்கனத்துல ஒரு சிட்டிகை அதுக்குக் குடுத்திருக்கலாம்லா!”

“இன்னா கனம்?”

டீச்சரம்மா காகிதத்தை எடுத்துக் காட்டினாள். முதல் படத்திலேயே குண்டு மாதிரி ஒரு குறி. மூக்குச் சக்கரம் வைத்த விமானத்துக்கு வால் பக்கம்தான் பாரம் அதிகம். மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் ஈயமோ இரும்போ போட்டு ஒட்டிவிட வேண்டும். இந்த மேசைக்காரர்கள் இரண்டு பேருமே ஒரு தடவையாவது இதை மறந்திருக்கிறார்களாம். மூடி, தேய்த்து, பெயின்டும் அடித்த பிறகு கண்டுபிடித்தவன் நான்தானாம்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அது அடங்குவதற்குள்ளேயே உள்ளே இன்னொன்று குதித்தது. அறுத்துத்தானே ஆக வேண்டும்? அறுத்தால் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளி. வீட்டில் முடியாது. ஷெட்டுக்குப் போயே ஆக வேண்டும். ஒரு தபாதான் என்று சொன்னவன்கூட, பாதியில் அறுந்து கிடக்கிற வேலையைப் பார்த்தால் மறுக்க மாட்டான். என் மகன், அரைகுறை வேலையைப் பொறுக்க மாட்டான். ஒரு வேலை கெட்டுப்போனதற்கு என் ஆயுசில் நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

“வாலுக்கு அடியில கண்ணாடிக் குச்சி ஒண்ண முட்டுக் குடுத்திருவோம். நாலு பேரு அப்படித்தான் வைக்கான்,” என்றார் அண்ணாச்சி.

“என் வேலைக்கு ஊன்றுகோலா? அதெல்லாம் நமக்கு ஆவாது அண்ணாச்சி. அறுத்துடலாம். ரம்பத்த எடு.”

“அங்கிள், இருங்க இருங்க,” என்றாள் டீச்சரம்மா. விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி மூக்குச் சக்கரம் மடங்குகிற குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். “இந்தக் குழிக்கு மேல்பக்கம் உள்ள காலியாத்தானே இருக்கு? இங்க ஒரு சின்ன ஓட்டை போட்டா வெளிய தெரியாது. அண்ணாச்சி, பெயின்ட் பாட்டில்ல குலுக்கறதுக்குப் போடுவீங்களே, குட்டிக் குட்டி இரும்பு பால்ரஸ், அது இருக்கா?”

“ஒரு டப்பா நெறைய இருக்கு.”

“அத ஒண்ணொண்ணா உள்ள விடலாம். மூக்கு கீழ இருக்கற மாதிரி பிடிச்சா எல்லாம் முன்னாடி போய் சேரும். அப்புறம் ரெண்டு டியூப் பசையைக் கலந்து சிரிஞ்சுல விட்டா இறுகிடும். பெயின்ட்ல கையே வைக்க வேண்டாம்!”

“அதெல்லாம் நிக்காது டீச்சரம்மா,” என்றேன்.

“நிக்கும் அங்கிள்.”

“ஓட்ட போட்டா பெயின்ட் வெடிக்கும்.”

“மோட்டார் வேண்டாம். கையால திருகற ட்ரில். நீங்க மட்டும் ஆடாம பிடிச்சுக்கங்க. உங்க கை மாதிரி எங்க ரெண்டு பேருக்கும் கிடையாது.”

அண்ணாச்சியும் தலையை ஆட்டினார். “ஆமா, அது நெசம். முதலாளி கை கல்லுல்லா.”

என்ன சொல்ல முடியும்? நான் ஊரெல்லாம் சொல்லிவந்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள். பருத்தித் துணி சுற்றி விமானத்தைப் பிடித்தேன். அவள் குழிக்குள் ட்ரில்லை விட்டுத் திருக ஆரம்பித்தாள். முனை ஊசியளவுதான். அதற்கும் என் வெள்ளிக்கும் நடுவே இருந்தது குழியின் மெல்லிய விளிம்பு ஒன்றுதான். நான் ஒரு விரலை நெல்லளவு தளர்த்தினால் போதும். ட்ரில் வழுக்கும், மூக்கிலிருந்து இறக்கை வரை ஒரு கோடு விழும். ‘அடடா’ என்று எல்லாரும் சொல்வார்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கிழவன் கை, நடுங்கிவிட்டது. ஷெட்டுக்குப் போகலாம்.

அவள் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு திருகிக்கொண்டே இருந்தாள். பிளாஸ்டிக் தூள் வெள்ளையாக என் கட்டைவிரலில் உதிர்ந்தது. இப்போது விடு என்று என் கைக்குச் சொன்னேன். இப்போது, இப்போது என்று சொன்னேன். கை விடவில்லை. எத்தனையோ வருடம் எதையும் கெடுக்காமல் பழகின கை, நான் சொல்கிற புது வேலையைக் கேட்கவே இல்லை.

“வந்துடுச்சு!” என்றாள். ஓட்டை விழுந்தாயிற்று.

அண்ணாச்சி குண்டுகளைக் குறட்டில் எடுத்து எடுத்துக் கொடுத்தார். டிக், டிக் என்று உள்ளே உருண்டு மூக்கில் போய் விழுந்தன. பசையையும் விட்டார்கள். இறுகும்வரை நான்தான் மூக்கைக் கீழே காட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். காபி வந்தது, கையை எடுக்க முடியாததால் அண்ணாச்சி வீட்டம்மா எனக்கு டம்ளரை வாயருகே பிடித்தார்கள்.

பிறகு லேண்டிங். மூன்று சக்கரத்திலும் அழுத்தமாக நின்றது. டீச்சரம்மா கைதட்டினாள். “அங்கிள், இனிமே நான் வெள்ளியே அடிக்க மாட்டேன், உங்ககிட்டயே குடுத்துடறேன்.”

“எங்க அடிக்கிறது?” என்றேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடக் கூப்பிட மகன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருப்பான். மேசையைப் பார்த்ததும், “சூப்பரா கீது நைனா!” என்றான்.

“இன்னும் முடியலடா. எறக்கைல தூசி உக்காந்துகினு கீது. தேய்ச்சு இன்னொரு கோட்டு வுடணும்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். டீச்சரம்மாவும் பார்த்தாள். மகன் விமானத்தை அடியில் கை கொடுத்து எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். கண்ணுக்கு நேராகத் தூக்கி, வெளிச்சம் இறக்கையில் சறுக்கிப் போகிற மாதிரி மெதுவாகச் சாய்த்தான். பார்க்கிற விதம் அப்படியே நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு பக்கம் பார்த்தான், திருப்பி மறுபக்கம் பார்த்தான்.

“எங்க நைனா தூசி?”

நான் மூடிக்கொண்டு வந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

“ஒண்ணுமே இல்லியே. இந்த மாரி என்னாலயே அடிக்க முடியாது.” பழையபடி பலகையில் வைத்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இன்னொரு தபா ஷெட்டுக்கு வரணும், அதானே?” என்றான்.

“ஆமாடா. வரணும்,” என்றேன். மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. “சும்மா ஒரு ஓரமா நாற்காலி போட்டுகினு உக்காந்துக்கறேன். பசங்க அடிக்கறத பாக்கறேன். கன்ன தொடமாட்டேன்.”

“தொடுவ நைனா.”

“தொட்டா இன்னாடா? என் ஷெட்டு!”

“உன் ஷெட்டுதான், நான் இல்லன்னேனா? அன்னிக்கு வந்துட்டு நீ இருமுனியே, உனுக்குத் தெரியாது. கதவாண்ட நான் நின்னுகினே இருந்தேன். மூச்சு வருதா வரலியான்னு கேட்டுகினு.” விமானத்தைப் பலகையில் சற்று நகர்த்தி வைத்தான். “வேணாம் நைனா. அடுத்த தபா பிரஷ்ல அடிக்கற பிளேனா பாத்து எடு.”

“பச்சை கலர்ல ஒண்ணு இருக்கு அங்கிள்,” என்றாள் டீச்சரம்மா மெல்ல. “பளபளப்பே இருக்கக்கூடாது அதுக்கு.”

அண்ணாச்சி டப்பா மூடியைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

எதிர் வீட்டுக் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவே பாய் விரிக்கிற அளவு இடம்தான். அந்தத் தூரத்துக்கும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வுடுடா, நான் நடப்பேன்.”

“தெரியும் நைனா.”

விடவில்லை. நாள் முழுக்க கன் பிடிக்கிற கை அது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.