டயப்பர் பையில் வந்த தண்ணீர்

என் மகள் பிறந்து பதினோரு நாள் ஆனபோது எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர். அண்ணாந்து, கழுத்தெல்லாம் நனைய, மடக் மடக்கென்று குடிக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் பிள்ளை டாக்டராவாள், கலெக்டராவாள் என்று வாழ்த்தும்போது, அதெல்லாம் இருக்கட்டும், முதலில் யாராவது தண்ணீர் கொடுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது.

பிரசவம் தேனியில். மூன்றாம் நாளே உத்தமபாளையத்தில் அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவின் ஆட்சி. காலையில் சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி போட்டு இடித்த மருந்து உருண்டை. மதியம் பூண்டுக் குழம்பு. அதில் குழம்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூடவே பால் ஊறுவதற்கென்று பால்சுறாக் கருவாடு. இதை என் மாமியார் போடியிலிருந்து பொட்டலம் பொட்டலமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். இவ்வளவு உறைப்பும் உப்பும் உள்ளே போன பிறகு குடிப்பதற்கு என்ன? சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர், வேளைக்கு அரை டம்ளர்.

"பச்ச உடம்புக்காரி தண்ணி குடிச்சா வகுறு சரிஞ்சு பானையாட்டம் ஆயிரும். பிள்ளைக்கும் சளி பிடிக்கும். பேசாமக் கெட" என்பாள் அம்மா.

எழுந்து போய்க் குடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தண்ணீர்க்குடம் இருப்பது அடுப்படியில். அடுப்படியில் இருப்பது அம்மா. கொல்லையில் இருக்கும் கழிப்பறைக்குக்கூட என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கூட்டி வருவாள். நானோ பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். உடம்புக்குத் தண்ணீர் ஏன் தேவை என்று ஐந்து மார்க் கேள்வி வைத்து, சரியாக எழுதாத பிள்ளைகளை வெளியே நிற்க வைத்தவள். அப்படிப்பட்ட நான் அந்த அரை டம்ளரை வாங்கி, விளிம்பில் ஒட்டிய சீரகத்தையும் வழித்துத் தின்றுகொண்டு கிடந்தேன். வெட்கக்கேடு.

பன்னிரண்டாம் நாள் எங்கள் பகுதி நர்சம்மா வந்தார். பிள்ளையைத் துணித் தொட்டியில் போட்டு, தராசில் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளை பிறந்த எடைக்கே இன்னும் வந்து சேரவில்லை.

"பால் பத்தல போலயே. தண்ணி நல்லாக் குடிக்கிறியாம்மா?"

"குடம் குடமாக் குடிக்கிறா" என்றாள் அம்மா.

முப்பது வயது, பி.எட். படிப்பு, மடியில் வாடிய பிள்ளை, எல்லாம் இருந்தும் அம்மா முறைத்த முறைப்பில் ஆமாமென்று தலையை ஆட்டினேன். அடுத்த வாரம் வருவேன், அப்போதும் எடை ஏறவில்லை என்றால் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நர்சம்மா சொல்லிப் போனார். பிள்ளை காம்பைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்றால் பத்தியக்காரிக்குச் செருப்பும் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர், பரமசாது. காதருகே கூப்பிட்டேன்.

"ஏங்க, தண்ணி வேணும்."

"அத்தைட்ட கேக்கவா?"

"கேட்டா உங்களுக்கும் அரை டம்ளர்தேன். கடத்திட்டு வாங்க."

மனிதர் ஒரு நிமிடம் யோசித்தார். மறுநாளிலிருந்து கடை முடிந்ததும் நேரே பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். தோளில் பூனைப்படம் போட்ட டயப்பர் பை. மேலே நான்கு டயப்பர், கீழே ஒரு லிட்டர் பாட்டில் மூன்று, ஆற வைத்த வெந்நீர். கடைப் பையனிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தானே காய்ச்சி நிரப்பினாராம். ஏலக்காய் அள்ளிய கையோடு நிரப்பியதால் தண்ணீர் முழுக்கப் பாயச வாசம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுப்பது போல் சேலையைப் போர்த்துவேன். உள்ளே மகள் என்னைக் குடிப்பாள், நான் பாட்டிலைக் குடிப்பேன். அவர் கதவருகே நின்றுகொண்டு இருமுவார். ஒரு இருமல் என்றால் அம்மா வருகிறாள், இரண்டு என்றால் போய்விட்டாள். பதற்றத்தில் எது எதற்கு என்று மறந்துபோய் விடாமல் இருமினார். அம்மா அவரையும் பிடித்து உட்காரவைத்து மருந்து உருண்டை ஒன்றை வாயில் திணித்தாள்.

"மாப்ளைக்குப் பிள்ளை மேல என்னா உசுரு! தெனமும் இம்புட்டுத் தூரம் வர்றாக பாரு" என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும்? நான் மணிக்கொருதரம் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப் போவது யார்? அம்மா. மூன்றாம் நாள் அவள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒன்பதாவது தடவை நடுவழியில் நின்றாள்.

"ஏண்டி, குடிச்சது ஒண்ணரை டம்ளர். எறங்குறது ஒரு கொளமாட்டம் எறங்குதே. இது எங்கன இருந்து வருது?"

"தெரியலம்மா."

உடனே போடிக்குப் போன் போட்டாள். சம்பந்திகள் இருவரும் ஸ்பீக்கரில் வைத்து அரைமணி நேரம் என் மூத்திரத்தை ஆராய்ந்தார்கள். உடம்பில் குளிர்ச்சி ஏறிவிட்டது என்று தீர்ப்பானது. மாமியார், "தண்ணியக் கொறைங்க மதினி, கருவாட்டக் கூட்டுங்க" என்றார். அன்றிலிருந்து அரை டம்ளர் கால் டம்ளர் ஆனது. மருந்து உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் பாவம், நான்காவது பாட்டிலுக்காகப் பெரிய பை வாங்கினார்.

அடுத்த வாரம் நர்சம்மா வந்தார். பிள்ளையைத் தூக்கித் தொட்டியில் வைத்துவிட்டு முள்ளையே பார்த்தேன். முள் ஆடி ஆடி நின்றது. பிறந்த எடையைத் தாண்டி இருநூறு கிராம் கூட! நான் ஓவென்று அழுதுவிட்டேன். நர்சம்மா சிரித்துக்கொண்டே அம்மாவிடம் திரும்பினார்.

"அப்படி என்னத்தக் குடுத்தீக?"

"மருந்தக் கூட்டினேன். பாருங்க, ஒரே வாரம்!" தண்ணீரைக் குறைத்த கதையை மட்டும் விழுங்கிவிட்டாள் அம்மா. முகமெல்லாம் பல்.

"அடுத்த தெருவுல ஒரு பிள்ளை இப்படித்தேன் எடையே ஏறாமக் கெடக்கு. ஆத்தாளுக்குத் தலைப்பிரசவம், சொல்லிக் குடுக்கப் பெத்தவ இல்ல. மாமியாரு மட்டும் இருக்காக. ஒரு நடை வந்து பக்குவம் சொல்றீகளா? எங்க பேச்சைவிட ஒங்க பேச்சக் கேப்பாக" என்றார் நர்சம்மா.

அம்மா சேலை மாற்றக் கிளம்பிவிட்டாள். மருந்து டப்பாவைக்கூட எடுத்துவிட்டாள். இவள் அங்கே போய் அந்தப் பெண்ணுக்கும் கால் டம்ளர் என்று சொன்னால் அந்தப் பச்சைப்பிள்ளை என்ன ஆகும்? ஒருமுறை தலையை ஆட்டி என் பிள்ளையைப் பட்டினி போட்டது போதாதா?

"அம்மா, போகாத" என்றேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே உருட்டினேன். பதினேழு. கடைசிப் பாட்டில் அம்மாவின் காலில் போய் முட்டி நின்றது. "ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர் குடிச்சேன். அதனாலதேன் பால் வந்துச்சு. உன் மாப்ள தூக்கிட்டு வந்தாரு."

வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா பாட்டில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னயப் பெத்தப்ப எனக்கும் நாக்கு இப்படித்தேன் வறண்டுச்சு" என்றாள் மெதுவாக. "குளிக்க ஊத்துற வெந்நீரு இருக்குல்ல, அதுல வாயத் தொறந்து தொறந்து குடிச்சேன். சீயக்காயோட."

"அப்புறம் ஏம்மா எனக்கு மட்டும் இப்படி..."

"நீ நல்லா வளந்துட்டேல. மருந்துதேன் வேலை செஞ்சுச்சுன்னு நெனச்சுட்டேன்டி."

மருந்து டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு நர்சம்மாவோடு போய்விட்டாள். என்ன பேசினாளோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் நர்சம்மாவிடமிருந்து போன் வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு சொம்பு தண்ணி குடிக்கிற வரைக்கும் ஒங்கம்மா நகரல. அந்த மாமியாரு, தண்ணி குடுத்தா வகுறு சரியுமேன்னு இழுத்தாக. ஒங்கம்மா பிடிச்சாக பாரு ஒரு பிடி. எங்க தெருவுல ஒரு கிறுக்கி இருக்கா, பெத்த மகளுக்கே தண்ணி குடுக்காம பேத்திய வாட்டிப்புட்டா, நீயும் அப்படி இருக்காத தாயின்னு சொன்னாக. யாரு அந்தக் கிறுக்கின்னு அவுக கேட்டாக."

"என்ன சொன்னா?"

"நான்தேன்னு சொன்னாக."