குப்பை என்று நாங்கள் தூக்கிப் போட்ட வலை

கடற்கரையைச் சுத்தம் செய்ய எங்களைக் கூப்பிட்ட அமைப்பாளரே, அன்று நீங்கள் பொய் சொன்னீர்கள்.

இந்த வருடம் காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, பட்டினப்பாக்கம் கடற்கரை. முந்தைய நாள் கூட்டம் விட்டுப்போன கரும்புச் சக்கையும் பேப்பர் தட்டும் மணலை மூடிக் கிடந்தன. மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் போயிருந்தேன். எங்களுக்குக் கையுறை, சாக்கு, கத்திரிக்கோல் கொடுத்தீர்கள். மீனவர் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து ஒருவரைக்கூட நீங்கள் கூப்பிடவில்லை.

படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு கிழிந்த பேனர் கிடந்தது. தூக்கினால் அடியில் வலை. அதன் ஓரத்தில் வரிசையாகக் காலித் தண்ணீர் பாட்டில்கள். யாரோ தூக்கியெறிந்த வலை, பாட்டில்கள் சிக்கிக் கரை ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்தேன். நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக அறுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி முடிச்சு. அதைப் பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. நாலு பேர் வலையைத் தூக்கிப் பிடித்தோம். படம் எடுத்து, கைவிடப்பட்ட வலையை அகற்றினோம் என்று உடனே உங்கள் இணையப் பக்கத்தில் போட்டீர்கள். வலையும் பாட்டில்களும் குப்பை லாரியில் ஏறின.

லாரி போன கொஞ்ச நேரத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா வந்தார்.

"இங்க கீந்த வலை எங்க?"

"நாங்க எந்த வலையையும் பாக்கலம்மா" என்றீர்கள்.

"வெயில் படாம பேனர் போட்டு மூடி வச்சிருந்தோம். இருக்கிறதே அது ஒண்ணுதான். நாளைக்கு எங்க வூட்டுக்காரரு எத்த வச்சிக் கடலுக்குப் போவாரு?"

நான் முன்னால் வந்தேன். "அக்கா, நான்தான் எடுத்தேன். லாரில போட்டுட்டோம்."

"பாட்டிலு?"

"அறுத்துட்டேன்."

"வலை மிதக்கக் கட்னத அறுத்துட்டு வந்து நிக்கிற. கண்ணு இன்னா முதுகுலயா கீது? வண்டிய எடு."

பின்னால் ஏறிக்கொண்டார்; லாரி போன வழியே ஸ்கூட்டரை விட்டேன். லாரிக்குள் குப்பையை அழுத்தி நசுக்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்றோம். "இப்டிப் போனா மீனே நடந்து கரைக்கு வந்துடும்" என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தார்.

அடையாறு பாலத்துக்கு முன்னால், டீக்கடை ஓரம் லாரி நின்றிருந்தது. பின்கதவு மூடியிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வலையைப் பற்றிக் கேட்டதும், லாரியில் வந்த துப்புரவுத் தொழிலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வலையா? அத நான் குப்பைல போடலம்மா. ஈரம் காயல, செதில் ஒட்டிக்கினு கீது. யாராச்சும் தேடி வருவாங்கன்னு முன்னாடி சீட்டாண்ட வச்சிகிறேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நீங்க போட்டோ புடிச்சிக்கினு இருந்தீங்க. நான் சொன்னா யாரு கேப்பா?"

அந்த அம்மா வலையை நடைபாதையில் விரித்துப் பார்த்தார். ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வலையைச் சுருட்ட நானும் கை கொடுத்தேன்.

பாட்டில்கள் மட்டும் நசுங்கிவிட்டன. கரைக்குத் திரும்பி, மிச்சமிருந்த சாக்குகளைக் கொட்டி, மூடியுள்ள பாட்டில்களாகத் தேடியெடுத்துக் கட்டினோம். நான் போட்ட முடிச்சு நிற்கவே இல்லை. "உன் முடிச்ச நம்பிப் போனா வலை இலங்கைக்குப் போய்ச் சேந்துடும்" என்று பிடுங்கி, அவரே கட்டி முடித்தார். மறுநாள் அவர் கணவர் கடலுக்குப் போனார்.

நாங்கள் வலையோடு கரைக்குத் திரும்புவதற்குள் நீங்கள் கிளம்பிப் போயிருந்தீர்கள்.

அந்தத் தொழிலாளி மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு வீட்டின் பிழைப்பை என் கையாலேயே நசுக்கியிருப்பேன். அதை நினைத்தால், நல்லவேளை என்று இன்றைக்கும் பெருமூச்சு வருகிறது; கடற்கரையில் எதைத் தொடுவதற்கு முன்னும் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் போட்ட படம் இன்னும் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழேயே, எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்: அது யாருடைய வலை? அந்த அம்மாவிடம் ஏன் பார்க்கவில்லை என்றீர்கள்?